3 சதவீதக் கணக்கு மட்டும் போதாது: ஸ்விஃப்ட்டுக்கு எந்த டயர் வரை போகலாம்?

கேள்வி இதுதான். 2019 மாடல் ஸ்விஃப்ட், கீழ் வேரியன்ட். கம்பெனியிலிருந்து வந்தது 165/80 ஆர்14 டயர். நாலும் தேய்ந்துவிட்டன. ஒரு கடையில், "இருக்கிற ரிம்மிலேயே 195/65 ஆர்14 ஏத்திடலாம் சார், ரோடு கிரிப் பிரமாதமா இருக்கும்" என்கிறார்கள். இன்னொரு கடையில் 17 அங்குல அலாயும் 205/45 டயரும் காட்டி, "விட்டம் 3 சதவீதத்துக்குள்ளதான் மாறுது, அதனால சட்டப்படி சரி" என்கிறார்கள். போதாததற்கு, மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கும் உங்கள் மச்சான் 33 அங்குல டயர் போடப்போகிறாராம். இதில் எது சட்டம், எது பாதுகாப்பு, எது வியாபாரப் பேச்சு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 185/65 ஆர்15, அதற்கான 15 அங்குல ரிம்மோடு: யோசிக்காமல் போடலாம். பழைய ரிம்மில் 195: வேண்டாம். 17 அங்குலம்: வேண்டவே வேண்டாம். மச்சான் விஷயம் கொஞ்சம் பெரியது, கடைசியில் வருகிறேன். ஏன் என்று தெரிந்துகொள்ளப் பொறுமை இருந்தால் மேலே படியுங்கள். கோயம்புத்தூரில் வீல் அலைன்மென்ட் மெஷின் பக்கத்தில் 18 வருடம் நின்றவன் நான், சுருக்கமாகப் பேச வராது.

முதலில் அந்த 3 சதவீதம். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்று இருந்தால், 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது; 165இல் 80 சதவீதம் 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக மொத்த விட்டம்: ரிம் 355.6 மி.மீ., மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 264 மி.மீ., கூட்டினால் 619.6. இதே கணக்கை 185/65 ஆர்15க்குப் போட்டால் 621.5 வரும். வித்தியாசம் 0.3 சதவீதம். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வித்தியாசமே இதைவிட அதிகம்.

இது தற்செயல் இல்லை. ஸ்விஃப்ட்டின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே போட்டுத் தருவது இந்த 185/65 ஆர்15தான். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். எல்லாம் இரண்டு டயருக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்த அளவு அது.

விட்டம் ஏன் முக்கியம் என்றால், உங்கள் வண்டிக்குத் தன் வேகம் நேரடியாகத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று முன்பே எழுதிவைத்த எண்ணால் பெருக்கி வேகத்தைக் காட்டுகிறது. டயர் பெரிதானால் அந்த எண் பொய்யாகிவிடும். முள் 100இல் நிற்கும், வண்டி அதைத் தாண்டி ஓடும். உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39ஆம் ஒழுங்குவிதியின்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதாவது வண்டி உண்மையில் 80இல் போனால் முள் 80 முதல் 92 வரை எங்கேயும் நிற்கலாம், 79இல் நிற்கக்கூடாது. அதனால்தான் எல்லாக் கம்பெனியும் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைக்கிறது. ஜி.பி.எஸ்.ஸில் 96 காட்டும்போது மீட்டரில் 100 தெரிவது இதனால்தான். டயர் மாற்றும் ஆட்கள் 3 சதவீதம் என்று சொல்வது, இந்த இடைவெளியைத் தின்றுவிடாமல் இருப்பதற்கான கைக்கணக்கு. நல்ல கைக்கணக்குதான். ஆனால் அது நம் மோட்டார் வாகனச் சட்டம் தந்த சலுகை கிடையாது. "3 சதவீதத்துக்குள் இருந்தால் சட்டப்படி சரி" என்று கடைக்காரர் சொன்னால், எந்தச் சட்டம், எந்த விதி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அந்த 17 அங்குல 205/45 டயரின் விட்டம் 616.3 மி.மீ. உங்கள் பழைய டயரைவிட வெறும் 0.5 சதவீதம் குறைவு. 3 சதவீதப் பரீட்சையில் அது முதல் வகுப்பில் தேறிவிடும். இருந்தும் உங்கள் வண்டிக்கு நான் வேண்டாம் என்று சொல்வதிலேயே மோசமான டயர் அதுதான்.

முதல் காரணம் சுமை. டயர் அளவுக்குப் பக்கத்தில் 85டி என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் என்பது சுமைக் குறியீடு. 85 என்றால் அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500, 88 என்றால் 560, 91 என்றால் 615. எழுத்து என்பது வேகக் குறியீடு: எஸ் 180 கி.மீ., டி 190, ஹெச் 210. உங்கள் 165/80 ஆர்14க்குச் சுமைக் குறியீடு 85. சாதாரண 205/45 ஆர்17க்கு 84. அகலமாக, கம்பீரமாக, விலை கூடுதலாக இருக்கும் டயர், பழைய ஒல்லி டயரைவிடக் குறைவாகத் தாங்குகிறது! "நாலு டயருக்கும் சேர்த்து 2,000 கிலோ வருதே, ஸ்விஃப்ட் அவ்வளவு எடை இல்லையே" என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் எடை எப்போதும் நாலு டயரிலும் சமமாக உட்காருவதில்லை. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது வெளிப்பக்க முன் டயரின் மேல் வந்து விழும் எடை வேறு. கம்பெனி வைத்த மிச்சம் அதற்காகத்தான், நாம் அலாய்க்காகச் செலவழிப்பதற்காக இல்லை. அதே அளவில் கூடுதல் சுமை வகை டயர், எக்ஸ்.எல். என்று போட்டிருக்கும், 88 குறியீட்டோடு கிடைக்கும். அது அந்தச் சுமையைத் தாங்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். காற்று கூடினால் குலுக்கலும் கூடும்.

இரண்டாவது காரணம் பக்கச்சுவர். பழைய டயரில் 132 மி.மீ. இருந்தது, இதில் 92. நாலு சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் போய்விட்டது. நம் ஊர்ச் சாலையில் மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளம் ஒன்று போதும். டயர் பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும், இல்லையென்றால் ரிம் பெண்டாகும். அந்த வீக்கம் என்பது உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் ஒட்டுவதெல்லாம் கிடையாது, டயரைத் தூக்கித்தான் போட வேண்டும். ஜூன் மாதத்தில் தொடங்கி டிசம்பர் வரை வாரம் இரண்டு வண்டியாவது இப்படி வரும். அதில் பெரும்பாலும் பெரிய அலாய் வண்டிகள்.

சரி, முதல் கடை சொன்ன 195/65 ஆர்14க்கு வருவோம். விட்டம் 609.1, 1.7 சதவீதம் குறைவு, அதுவும் பாஸ். சுமைக் குறியீடு 89, உங்கள் டயரைவிட அதிகம். எங்கே இடிக்கிறது என்றால் ரிம்மின் அகலத்தில். உங்கள் ஸ்டீல் ரிம்மில் 5ஜே என்று அடித்திருக்கும், சக்கரத்தைக் கழற்றும்போது பாருங்கள். உதட்டுக்கு உதடு உள்ளே 5 அங்குல அகலம் என்று பொருள். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகலத்திலிருந்து எந்த அகலம் வரை ரிம் பொருந்தும் என்று டயர் தரக் கையேடுகளில் வகுத்து வைத்திருக்கிறார்கள். 165/80க்கு 4 முதல் 5.5 வரை. 185/65க்கு 5 முதல் 6.5. 195/65க்கு 5.5 முதல் 7 வரை. 5 அங்குல ரிம் அந்த வரம்புக்கு வெளியே. டயர் ஏறும், காற்றும் நிற்கும், வண்டியும் ஓடும். அதனால்தான் கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது" என்கிறார். என்ன ஆகும் என்றால், இறுக்கமான பையில் திணித்த தலையணைபோல் டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். சாலையில் முழு அகலமும் படியாது, நடுவில் மட்டும் தேயும். வளைவில் பக்கச்சுவர் மடிந்து, ஸ்டீரிங் திருப்பியதற்குச் சற்றுப் பின்னால் வண்டி திரும்பும். காற்று குறைவாக இருக்கும் நாளில் வேகமாக வளைத்தால் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு நழுவவும் இடமிருக்கிறது. கிரிப்புக்காகக் காசு கொடுத்து அதையே இழப்பது இதுதான்.

ரிம் மாற்றாமல் கொஞ்சம் அகலம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு 185/70 ஆர்14 இருக்கிறது. விட்டம் 614.6, சுமைக் குறியீடு 88, ரிம் வரம்பு 4.5 முதல் 6 வரை. இயந்திரக் கணக்கில் அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இந்த வண்டிக்கு அந்த அளவைக் கம்பெனி சொல்லவில்லை. அந்த ஒரு வரி பின்னால் எங்கே முளைக்கும் என்று சட்டத்தில் சொல்கிறேன்.

அதற்கு முன் அலாய். 15 அங்குலத்துக்குப் போகும்போது முடிந்தால் அதே மாடலின் மேல் வேரியன்ட் அலாய் அல்லது ஸ்டீல் ரிம் தேடுங்கள். வெளி அலாய் என்றால் மூன்று விஷயம் பொருந்த வேண்டும். ஒன்று பி.சி.டி., அதாவது போல்ட்கள் அமைந்த வட்டம். ஸ்விஃப்ட்டுக்கு 4 போல்ட், 100 மி.மீ. வட்டம். ஃபியட் பாலியோவுக்கு 98 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று 100 அலாயை 98இல் போட்டு முடுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முடுக்கினால் உட்காரும். ஆனால் நட் கோணலாக உட்காரும், ஓட ஓடத் தளரும். சக்கரம் தனியாக ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் வழி.

இரண்டு, நடுத் துளை. சக்கரம் மாட்டும் அச்சு முகப்பு, அதாவது ஹப், இதில்தான் உட்காரும். ஸ்விஃப்ட்டுக்கு 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டியின் பழைய அலாய் ஓ.எல்.எக்ஸில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருவார்கள். அதன் போல்ட் வட்டமும் 4, 100தான், ஆனால் நடுத் துளை 56.1. ஹப்பின் மேல் இரண்டு மில்லிமீட்டர் லூசாக உட்காரும், 80 கி.மீ. தாண்டினால் ஸ்டீரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் பார்த்தாலும் போகாது. இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது, சில நூறு ரூபாய். இன்னொன்று: ஹோண்டாவின் சொந்த அலாயில் நட் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும், மாருதி நட் கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் வைத்து முடுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே பிடிமானம் கிடைக்கும். எந்த அலாயோ அதற்குரிய நட்.

மூன்று, ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது. இ.டி. 40 என்பதுபோல் ரிம்மில் எழுதியிருக்கும். இந்த எண் குறைந்தால் சக்கரம் மட்கார்டைவிட்டு வெளியே துருத்தும், கூடினால் உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் நெருங்கும். வெளியே துருத்தினால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் என்று சிலர் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டு வேறு வைப்பார்கள். வீல் பேரிங்குக்கு அது நெம்புகோலை நீட்டிக் கொடுப்பது மாதிரி. பேரிங் இரைச்சல் போட ஆரம்பித்த பிறகு என்னிடம் வருவார்கள்.

உரசலைப் பற்றி என் கதை ஒன்று. பல வருடம் முன்னால், தொழில் முழுதாகப் பிடிபடாத வயதில், என் சொந்த காரில் இரண்டு அளவு பெரிய டயர் போட்டேன். கடையிலேயே ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தோம். எங்கேயும் உரசவில்லை. கடைக்காரர் கைகுலுக்கி அனுப்பினார். அடுத்த வாரம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பின் சீட்டில் மாமனார், மாமியார், அத்தை. டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரம். முதல் ஸ்பீடு பிரேக்கரில் "கர்ர்" என்று ஒரு சத்தம். பாத்திரம் என்றார் மாமனார். அடுத்ததிலும் அதே சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் தோளில் வரிசையாகக் கீறல், மட்கார்டு உள் விளிம்பின் தகடு பளபளவென்று தீட்டியிருந்தது. திரும்பி வரும்போது பாத்திரம் இல்லை, மாமனார் பேருந்தில் வந்தார், சத்தமும் இல்லை. ஆகவே காலி வண்டியில் பார்ப்பது பரிசோதனையே இல்லை. பின்னால் மூன்று பெரியவர்களை உட்கார வையுங்கள், ஒரு முன் சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் முழுக்க ஒடியுங்கள், பிரேக் ஹோஸ் எங்கேயாவது தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இனி சட்டம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து இதை இறுக்கிப் பிடித்தது. தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறான மாற்றம் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அதன் நான்காவது உட்பிரிவின்படி, சட்டமோ விதியோ அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பாகங்களை மாற்றிப் பொருத்துவதும் இதில் அடக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

டயர் இதில் வருமா? இங்கேதான் வழக்கறிஞர்களுக்கு வேலை. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், எடை எல்லாம் இருக்கும், சொந்த காரின் ஆர்.சி.யில் டயர் அளவு பெரும்பாலும் இருக்காது. தவிர, 52ஆம் பிரிவின் விளக்கமே, மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்கிறது. 165ஐ 185 ஆக்குவது அடிப்படை அம்சத்தை மாற்றுவதா என்று கேட்டால், இல்லை என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. மறுபக்கம், ஒரு மாடல் விற்பனைக்கு வரும் முன், மத்திய மோட்டார் வாகன விதிகள் 126இன்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. எல்லாம் அந்த நிலையங்கள்தான். அந்த ஒப்புதலில் டயர் அளவும் சேர்த்தி. விதி 95 டயர் அளவையும் அது தாங்க வேண்டிய சுமையையும் இந்தியத் தர நிர்ணயத்தோடு கட்டிப்போடுகிறது. கார் டயருக்கான தரம் ஐ.எஸ். 15633; ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரை இங்கே விற்கவே கூடாது. விதி 94 பட்டனின், அதாவது டயர் மேல்பரப்பில் உள்ள வெட்டுகளின், ஆழம் காருக்கு 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்கிறது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: இந்த வண்டிக்கு இந்த டயர் சரி என்று கம்பெனி ஏற்கெனவே பொறுப்பேற்றிருக்கிறதா? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், கையேட்டில், அதே எஞ்சின் கொண்ட மேல் வேரியன்ட்டில் அந்த அளவு இருக்கிறதா? இருந்தால் யார் கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் உங்கள் கையில் இருக்கிறது. இல்லையென்றால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். ஜெர்மனியில் பட்டியலில் இல்லாத அளவு போட்டால் நிபுணரிடம் வண்டியைக் காட்டி, ஒப்புதலை ஆவணத்தில் ஏற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இங்கே டயருக்கு அப்படி எளிய கதவு எதுவும் இல்லை, அதனால் கம்பெனி சொன்ன அளவுக்குள் நிற்பதுதான் ஒரே நிம்மதி.

"ரோட்டில் யார் சார் டயர் அளவைப் பார்க்கிறார்கள்?" பார்ப்பதில்லைதான். போலீஸ் நிறுத்தினால் சைலன்சர், கண்ணாடிப் படலம், நம்பர் பிளேட் என்று போகும். மட்கார்டுக்கு வெளியே ஒரு விரல் துருத்தும் சக்கரம்தான் கண்ணை உறுத்தும். மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பார். சொந்த வண்டிக்கு நிஜமான பரிசோதனை விபத்துக்குப் பிறகுதான் வரும். உயிர்ச்சேதமோ பெரிய காயமோ என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா என்று அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையில் டயர் அளவைப் பற்றி ஒரு வரி ஏறினால், அது எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்சூரன்ஸிலும் அதே வரிதான். உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மில், சர்வேயர் சொல்லாத மாற்றத்தைக் கண்டால் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ பேச்சு தொடங்கும். மூன்றாம் நபர் இழப்பீடு வேறு கணக்கு. அதில் நிறுவனம் என்னென்ன சொல்லி மறுக்கலாம் என்பதைச் சட்டத்தின் 150ஆம் பிரிவே வரையறுத்திருக்கிறது. எதற்கும், 15 அங்குல அலாய் போட்டவுடன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயிலில் சொல்லி, கூடுதல் பொருளாகப் பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பிரீமியம் கூடும். அலாய் திருட்டுப் போனாலும் அப்போதுதான் கேட்க முடியும்.

அகல டயர் என்றால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, அதையும் தொட்டுவிடுகிறேன். காற்றழுத்தமும் வண்டி எடையும் அதேதான் என்றால், தரையில் படியும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. ஒல்லி டயரில் நீளவாக்கில் இருந்தது அகலவாக்கில் திரும்புகிறது. உலர்ந்த சாலையில் வளைவுக்கு அது நல்லது. தண்ணீர் தேங்கிய சாலையில் அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், ஒதுக்க நேரமில்லாதபோது மேலே மிதக்கும். நவம்பர் மழையில் நாற்கர சாலையில் போகிறவர்களுக்கு 185இல் நல்ல பட்டன் இருப்பது, 205இல் பாதி தேய்ந்த பட்டன் இருப்பதைவிட எவ்வளவோ மேல். தவிர பெரிய சக்கரம் கனமும் கூட. மைலேஜ் குறையும், பிக்கப் மந்தமாகும்.

மச்சானுக்கு இப்போது. தாரில் 16 அங்குல ரிம் வண்டிக்கு 245/75 ஆர்16, 18 அங்குலத்துக்கு 255/65 ஆர்18. விட்டம் முறையே 773.9, 788.7. ஆக கம்பெனிக்குள்ளேயே 1.9 சதவீத வித்தியாசம் இருக்கிறது. அவர் பேசும் 33 அங்குலம் பெரும்பாலும் 285/75 ஆர்16ஆக இருக்கும்: 833.9 மி.மீ. முதல் அளவிலிருந்து 7.8 சதவீதம் கூடுதல். இதில் அவருக்குக் கிடைப்பது 30 மி.மீ. தரை இடைவெளி, விட்டத்தில் பாதிதானே உயரமாகும். கொடுப்பது என்ன? ஜி.பி.எஸ்.ஸில் 96ஆக இருந்த "மீட்டர் 100" இப்போது 103 தாண்டும். மீட்டர் குறைத்துக் காட்டும் வண்டியாகிவிடும். பிரேக் அதே பிரேக், ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் பிரேக் விசை அதே மிதிக்கு 7 சதவீதம் குறையும். சுழலும் கனம் வேறு. இழுவையும் அதே அளவு குறையும், எல்லா கியரும் கொஞ்சம் மேலே போனது மாதிரி இருக்கும். ஏற்கெனவே உயரமான வண்டி, இன்னும் உயரும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னி கனம் கூடினால் கீல் தொய்யும். காட்டுப் பாதையில் மட்டும் ஓட்டுகிறவர் தெரிந்தே இதைச் செய்கிறார் என்றால் அது வேறு. தினமும் அலுவலகத்துக்கும் வார இறுதியில் ஏற்காட்டுக்கும் போகும் வண்டிக்கு, அதே அளவில், சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான நல்ல ஏ.டி. டயர் போதும் என்று சொல்லுங்கள். கேட்க மாட்டார், தெரியும். குறைந்தபட்சம் ஐந்து டயரும் ஒரே அளவாக வாங்கச் சொல்லுங்கள். நாலு சக்கர இழுவை போட்டுக்கொண்டு முன்னொரு அளவு, பின்னொரு அளவில் கெட்டியான சாலையில் ஓட்டினால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், அதன் செலவில் இன்னொரு செட் டயர் வாங்கலாம்.

ஸ்டெப்னி விஷயம் உங்களுக்கும் உண்டு. உங்கள் பழைய 165/80 ஆர்14 ஸ்டெப்னி அப்படியே இருக்கட்டும். விட்டம் 2 மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் அவசரத்துக்கு ஓடும், ஏ.பி.எஸ்.ஸும் முரண்டு பிடிக்காது. ஆனால் அகலம் வேறு என்பதால் பஞ்சர் கடை வரைக்கும்தான், மெதுவாக. அலாய் நட் ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காருமா என்று இப்போதே ஒரு முறை வீட்டு வாசலில் மாட்டிப் பாருங்கள். உட்காரவில்லையென்றால் பழைய நட் நாலையும் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். நள்ளிரவில் உளுந்தூர்ப்பேட்டை பக்கம் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

காற்றழுத்தம் 15 அங்குலத்துக்கு மேல் வேரியன்ட் ஸ்டிக்கரில் உள்ளதை வையுங்கள், கடைக்காரர் கைக்கு வந்ததை அல்ல. மாற்றிய பிறகு 100 கி.மீ.க்குள் ஒரு தடவை நட்களை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள், புது அலாய் முதல் சில நாளில் படிந்து தளரும். வாங்கும்போது டயர் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 1425 என்றால் 2025ஆம் வருடத்தின் 14ஆவது வாரம் செய்தது. நாலு டயரிலும் அது அருகருகே இருக்கட்டும். பில்லில் அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். "டயர் 4" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் கடையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.